சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது தமிழர் நாவில் பழகிப்போன பழமொழி. உடலைப் பேண வேண்டும் என்பதற்கு இதனை எடுத்துச் சொல்லாத தாயும் இல்லை, தந்தையும் இல்லை. இன்றோ பிள்ளைகள் இப்பழமொழியைப் பெற்றோர்க்குத் திருப்பிச் சொல்கின்றனர். மெல்பர்னிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள வீடுகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் எழும் வினாக்கள் யாவும் சுவரைப் பற்றியனவே. மருந்து உண்டீர்களா, இரத்த அழுத்தம் எவ்வளவு, மருத்துவரை எப்போது காணப் போகிறீர்கள்? இவை அன்பின் வினாக்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், சித்திரம் என்ன ஆயிற்று என்று கேட்பார் எவருமில்லை. சித்திரம் எழுதுவதற்காகவே முன்னோர் சுவரைக் காக்கச் சொன்னார்கள் என்பது அறவே மறந்து போயிற்று.

இங்கே சித்திரம் என்பது வெறும் உவமை அன்று. அறுபது வயதில் பணி ஓய்வு பெற்றுத் தூரிகையைக் கையிலெடுக்கும் தந்தையும், பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் வண்ணங்களோடு அமரும் தாயும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இருக்கவே செய்கின்றனர். அவர்களுடைய ஓவிய முயற்சிக்குத் தொலைவில் வாழும் பிள்ளைகள் ஆற்ற வேண்டிய கடமை யாது என்பதே ஈண்டு எழும் வினா. அக்கடமை ஒன்று உண்டு என்பதையே பலர் ஒப்புவதில்லை. ஒப்பாமைக்கு அவர்கள் காட்டும் காரணங்கள் நான்கு. ஓவியம் பொழுதுபோக்கு என்பது ஒன்று. வயது கடந்துவிட்டது என்பது மற்றொன்று. தொலைவில் இருக்கிறோம் என்பது மூன்றாவது. பணம் அனுப்புகிறோமே என்பது நான்காவது. இந்நான்கும் ஆராய்ச்சிக்கு நில்லா என்பதைக் காண்பது கடினமன்று.

கடன்பட்டவர் யார்?

முதற்கண், முதுமையில் ஒருவர் ஏன் வரையத் தொடங்குகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மலேசியத் தமிழரின் முந்தைய தலைமுறைகள் தோட்டத்திலும் இரயில்வேயிலும் துறைமுகத்திலும் உழைத்தவை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே இரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகளோடு வளர்ந்தது. அவ்வீடுகளில் பிறந்த பிள்ளைக்குக் கைவண்ணம் இருந்தால் பெற்றோர் மகிழ்ந்தனரா? அஞ்சினர். படம் போடுகிற பிள்ளை படிக்காது என்பது அக்காலத்தின் முடிந்த முடிவு. எழுத்தர் வேலையோ ஆசிரியர் வேலையோ கிடைத்தால் குடும்பம் தலையெடுக்கும். தூரிகையால் உலை கொதிக்காது என்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பசியை அறிந்தவர்கள் பசிக்கு அஞ்சினார்கள்.

அவ்வாறு தூரிகையைக் கீழே வைத்த இளைஞர்கள்தாம் பின்னர்த் தந்தையரானார்கள். விளம்பரப் பலகை எழுதுவோராகவும் பள்ளியாசிரியராகவும் அலுவலக ஊழியராகவும் முப்பதாண்டு, நாற்பதாண்டு உழைத்துத் தம் பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியாளராகவும் கணக்காய்வாளராகவும் ஆக்கினர். பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தில் அவர்கள் வாங்காத வண்ணங்களின் விலையும், வரையாத ஓவியங்களின் காலமும் அடங்கியுள்ளன. ஆகவே, ஓய்வுக்காலத்தில் அவர்கள் தூரிகையை எடுப்பது புதிய ஆசை அன்று. ஒத்திவைத்த வாழ்க்கையை மீட்பதாகும். ஒத்திவைத்தது யாருக்காக என்று கேட்டால், கடன்பட்டவர் யார் என்பது விளங்கிவிடும். மக்கட்பேறு என்னும் அதிகாரத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பிள்ளைகள், மகன் தந்தைக்கு ஆற்ற வேண்டிய உதவியும் அவ்வதிகாரத்திலேயே பேசப்படுகிறது என்பதை மதிப்பெண் பெற்றவுடன் மறந்துவிடலாமா?

பொழுதுபோக்கு என்னும் பழிச்சொல்

“அப்பா இப்போது பொழுதுபோக்காக ஏதோ வரைகிறார்.” இச்சொல்லைப் பரிவோடுதான் சொல்கின்றனர். ஆயினும் இது பழிச்சொல்லே. வயிற்றுப்பாட்டுக்குச் செய்ததைத் தொழில் என்றும், உள்ளத்தின் ஆணைக்கு இணங்கிச் செய்வதைப் பொழுதுபோக்கு என்றும் பிரிப்பது சம்பளச் சீட்டைக் கொண்டு மனிதனை அளப்பதாகும்.

தமிழ் மரபு ஓவியத்தை அவ்வாறு கருதவில்லை. ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று சங்க இலக்கியம் சிறப்பித்தது. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் வந்தவர்கள் படங்களைச் சுட்டிச் சுட்டிக் கேட்டதையும், அறிந்தவர்கள் விளக்கிச் சொன்னதையும் பரிபாடல் காட்டுகிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் பட்டங்களுள் ஒன்றாகச் சித்திரகாரப்புலி என்பதை ஏற்றான். சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்களும் இம்மரபின் எஞ்சிய சான்றுகள்.

இவையெல்லாம் பழங்கதை எனின், கண்முன் உள்ளதைக் காணலாம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் திருவள்ளுவர் படத்தைக் காணாத மாணவர் இரார். தாடியும் சடைமுடியும் கையில் எழுத்தாணியும் சுவடியுமாக வீற்றிருக்கும் அவ்வுருவம் வானத்திலிருந்து இறங்கியதன்று. கே. ஆர். வேணுகோபால் சர்மா என்னும் ஓவியர் வரைந்தது அது. 1960-இல் இந்திய அஞ்சல் தலையில் வள்ளுவர் உருவம் இடம்பெற்றது. 1964-இல் தமிழகச் சட்டமன்றத்தில் அவர் படத்தை ஜாகீர் உசேன் திறந்துவைத்தார். அப்படத்தின் கீழ் நின்று குறள் ஒப்புவித்த மாணவர்களுள் எத்தனை பேர்க்கு வரைந்தவர் பெயர் தெரியும்? கற்பித்த ஆசிரியர்களுள் எத்தனை பேர்க்குத் தெரியும்? பிரிக்பீல்ட்சின் இசை வகுப்புகளில் மாட்டப்படும் சங்கீத மும்மூர்த்திகள் படம் எஸ். ராஜம் வகுத்துத் தந்த தோற்றம். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் கிடைத்த தெய்வப் படங்களுக்குப் பின்னால், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று கோவில்பட்டியில் தங்கிச் சிவகாசி நாட்காட்டிகளுக்குப் படம் வரைந்த கொண்டைய ராஜுவின் மரபு நிற்கிறது. ஓவியத்தை வணங்குகின்றனர், ஓவியரை அறியார். பூசையறையில் ஓவியத்துக்குக் கற்பூரம் காட்டும் சமுதாயம், அடுத்த அறையில் வரைந்துகொண்டிருக்கும் தந்தையைப் பொழுதுபோக்குபவர் என்பது முரண் அன்றோ?

வயது ஒரு தடையா?

இவ்வயதில் இனி என்ன சாதிக்கப் போகிறார் என்பது அடுத்த வினா. கவி இரவீந்திரநாத் தாகூர் 1927-ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தார், கோலாலம்பூரிலும் உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. உலகம் அவரைக் கவிஞராகவே அறிந்திருந்தது. அதற்குப் பிறகே அவர் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1930-ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. அர்ஜென்டினா நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஓகாம்போ அதற்கு முன்னின்று உதவினார். அவ்வாண்டிலேயே இலண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் ஆகிய நகரங்களும் அவ்வோவியங்களைக் கண்டன. மறைவதற்குள் அவர் வரைந்தவை ஈராயிரத்துக்கும் மேற்பட்டவை. தாகூர் பெரும்புகழ் படைத்தவர், அவரை எடுத்துக்காட்டலாகாது என்பார் உளராயின், அமெரிக்க உழவர் குடும்பத்துப் பாட்டி ஒருவரை நினைக்கலாம். அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் எழுபது வயதைக் கடந்தபின் வரையத் தொடங்கியவர். 1938-இல் ஒரு மருந்துக்கடைச் சன்னலில் கிடந்த அவருடைய படங்களை வழிப்போக்கர் ஒருவர் கண்டு வாங்கினார். 1940-இல் நியூயார்க்கில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது எண்பது. நூற்றொரு வயதுவரை வாழ்ந்து, இறுதிக் காலம்வரை வரைந்தார்.

எல்லாத் தந்தையரும் தாகூர் ஆவரோ என்று கேட்கலாம். ஆகார். எல்லா மாணவரும் கம்பர் ஆவதில்லை. அதற்காக எப்பள்ளியும் இலக்கணம் கற்பிப்பதை நிறுத்தவில்லை. ஒருவரின் முயற்சியை ஆதரிப்பதற்கு அவர் உலகப்புகழ் பெறுவார் என்னும் உறுதி வேண்டுவதில்லை. அவர் மெய்யாகவே முயல்கிறார் என்பது ஒன்றே போதும்.

தொலைவு ஒரு காரணமா?

மூன்றாவது காரணமே மிகுதியாகக் கூறப்படுவது. மிகவும் வலுவற்றதும் அதுவே. பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் வாழ்க்கை இதற்குத் தக்க விடை தருகிறது. அவருடைய தந்தை வங்கி நடத்தியவர். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்று விரும்பினார். மகன் ஓவியத்தை நாடியபோது மனமில்லாமல் மாதப்படி அனுப்பினார். பணம் தவறாது வந்தது, மதிப்புத்தான் வரவில்லை. ஆண்டுகள் உருண்டன. செசான் முதியவரானார், நீரிழிவு நோய் வாட்டியது, தென்பிரான்சின் எக்ஸ் நகரில் தனித்து வரைந்துகொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன், பால் என்னும் அதே பெயருடையவர், பாரிஸ் நகரில் இருந்தார். இடையே எழுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. மகன் ஓவியர் அல்லர். ஆயினும் தந்தையின் படங்களை வாங்கி விற்ற வொல்லார் என்னும் வணிகரோடு பேசுவதும், விற்பனைக் கணக்கைக் கவனிப்பதும் அவர் பொறுப்பாயின. 1906-ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தந்தை மகனுக்கு எழுதிய கடிதங்கள் நிலைத்துள்ளன. உடல்நலம், வெயில், வரையும் காட்சி, தேவைப்படும் தூரிகை ஆகிய அனைத்தும் அவற்றில் பேசப்படுகின்றன. அவ்வாண்டு அக்டோபரில் செசான் மறைந்தார். அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த நினைவுக் கண்காட்சி இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் போக்கையே மாற்றியது.

ஒரே மனிதருக்குத் தந்தை ஒருவகையாகவும் மகன் ஒருவகையாகவும் உதவினர். முன்னவர் தந்தது படி. பின்னவர் தந்தது கவனம். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் உணர்வாராக.

மற்றோர் ஓவியர் கமீல் பிஸ்ஸாரோ. அவருடைய மூத்த மகன் லூசியன் 1890 முதல் இலண்டனில் குடியேறி வாழ்ந்தார். கடல் கடந்து தந்தையும் மகனும் இருபதாண்டுக் காலம் கடிதம் எழுதிக்கொண்டனர். நலம் விசாரிப்பு அக்கடிதங்களில் உண்டு. அதைவிட மிகுதியாக ஓவியம் பற்றிய விவாதம் உண்டு. 1943-இல் அவை நூலாக வெளிவந்தபோது, ஒரு தலைமுறையின் கலை வரலாறே அதில் அடங்கியிருந்தது. வின்சென்ட் வான்கோவுக்குத் தம்பி தியோ பாரிசிலிருந்து பணமும் வண்ணமும் கித்தானும் அனுப்பியதை அறியாதார் இலர். தியோவுக்கு எழுதப்பட்டவையாக இன்று கிடைக்கும் கடிதங்கள் மட்டும் 650-க்கும் மேற்பட்டவை.

நீராவி வண்டியும் அஞ்சற்பையும் மட்டுமே இருந்த காலத்தில் அவர்களால் இயன்றது, புலனமும் காணொலி அழைப்பும் உள்ள காலத்தில் இயலாதா? வரைந்த படத்தை வரைந்த நாளிலேயே காணக்கூடிய வாய்ப்பு லூசியனுக்கு இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு உண்டு. கண்டபின் அவர்கள் செய்வது என்ன? உயர்த்திய கட்டைவிரல் குறி ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றனர். இஃது ஆதரவன்று, சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுப்பது போன்ற ஒரு செயல்.

பணம் செய்யாத பணி

நான்காவது காரணம் பணம். பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல வண்ணங்களும் கித்தானும் விலை மிகுந்தவை. ஆனால், மாதந்தோறும் வங்கியில் சேரும் தொகை பெரும்பாலும் மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விடுகிறது. பிள்ளை அனுப்பிய பணத்தில் வண்ணம் வாங்கத் தந்தைக்குக் கூச்சம். தாய்க்கு அதனினும் கூச்சம். வீட்டுச் செலவுக்குத் தருவதை வீட்டுச் செலவுக்கென்றும், ஓவியத்துக்குத் தருவதை ஓவியத்துக்கென்றும் வெளிப்படையாகப் பிரித்துத் தருவதே அக்கூச்சத்தைப் போக்கும் வழி. தொகை சிறிதாயினும் பெயர் சொல்லித் தர வேண்டும்.

அதனினும் மேலான பணிகள் உள. ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஒரு பதிவு வேண்டும். தலைப்பு, வரைந்த ஆண்டு, அளவு, நீர் வண்ணமா எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா என்னும் குறிப்பு, யாரிடம் உள்ளது என்னும் செய்தி ஆகியவற்றை வரிசை எண்ணிட்டு எழுதிவைக்க வேண்டும். இப்பட்டியலைச் சிட்னியில் இருந்துகொண்டே ஒரு மகளால் தயாரிக்க இயலும்; தந்தை திறன்பேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும். கண்காட்சிக் கூடங்களுக்கு விண்ணப்பம் எழுதுதல், மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிமுகக் குறிப்புத் தயாரித்தல், விலையை வரையறுத்துப் பேசுதல் ஆகிய யாவும் தொலைவிலிருந்தே செய்யத் தக்கவை. முதியவர்களுக்கு இவை மலை போன்றவை. அலுவலகத்தில் நாள்தோறும் அறிக்கை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப்பொழுதின் வேலை.

காப்பதும் ஒரு கலையே. மலேசியாவின் ஈரக்காற்றில் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். மரச்சட்டத்தைக் கரையான் அரிக்கும். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் அடுக்கிவைக்கப்பட்ட ஓவியங்கள் சில ஆண்டுகளிலேயே கறைபடும். காற்றோட்டமான ஓர் அறை, சுவரில் ஒட்டாமல் நிற்கும் ஒரு நிலையடுக்கு, தரமான தாள், முறையான சட்டம் ஆகியவை ஆடம்பரம் அல்ல. தீபாவளிக்குப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தரும் பிள்ளை, அதன் விலையில் ஒரு பகுதியைக் கொண்டு தந்தைக்கு ஒரு வரைகூடம் அமைத்துத் தரலாம். தொலைக்காட்சிப் பெட்டி அவரை அமரச் செய்யும். வரைகூடம் அவரை எழச் செய்யும்.

தாய்மார்களின் நிலை தனியே குறிக்கத்தக்கது. தாய் வரையத் தொடங்கி, கை படிந்து, ஒரு கண்காட்சிக்கு அணியமாகும் நேரத்தில் வெளிநாட்டிலிருந்து விமானச் சீட்டு வருகிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் வந்து தங்க வேண்டுமாம். பேரப்பிள்ளையின் மழலை இனிது. அதனை மறுப்பார் யார்? ஆனால், தந்தையின் வேலைக்கு நாள் பார்த்து அழைக்கும் பிள்ளைகள், தாய்க்கும் ஒரு வேலை உண்டு என்று எண்ணி நாள் பார்ப்பதுண்டா? வாசலில் நாள்தோறும் புள்ளி வைத்துக் கோலமிட்டு, அது மிதிபட்டு அழிவதை நாள்தோறும் கண்டு பொறுத்தவர் அவர். அழியாத ஒன்றைப் படைக்க அவர் விரும்பும்போது, அதையும் மிதித்தல் கொடிது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூற வேண்டும். ஆதரவு என்பது முகத்துதி அன்று. எதை அனுப்பினாலும் அருமை என்று எழுதுவது, படத்தைப் பார்க்கவில்லை என்பதற்கே சான்று. எது நன்றாக வந்துள்ளது, எங்கே வண்ணம் மங்கியுள்ளது, சென்ற ஆண்டுப் படத்துக்கும் இவ்வாண்டுப் படத்துக்கும் என்ன வேற்றுமை என்று கேட்கும் பிள்ளையே உண்மையில் பார்த்த பிள்ளை. அதுபோலவே, விற்பனைக்கு ஏற்றது என்று தம் விருப்பத்தைப் பெற்றோர் மேல் ஏற்றுவதும் தவறு. இரப்பர் மரக்காட்டின் விடியலை வரைய விரும்பும் முதியவரை, மயிலும் விநாயகரும் வரைந்தால் விலை போகும் என்று திருப்புவதற்குப் பிள்ளைகளுக்கு உரிமையில்லை. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியபோது, அங்கிருந்தோர் துணிகளில் பத்திக் வேலை முதலிய கைவினைகளைச் செய்து விற்றுப் பிழைத்தனர். தம் ஓவியம் எவர் கட்டளைக்கும் அடிபணியாதிருக்கவே அவ்வழியை நாடினர். பெற்றோரின் உணவுக்கும் மருந்துக்கும் பொறுப்பேற்றுள்ள பிள்ளைகள் அவ்விடுதலையை எளிதில் வழங்கலாம்.

மறைவுக்குப் பின்

பெற்றோரின் மறைவுக்குப் பின் நிகழ்வது இன்னும் வருந்தத்தக்கது. வீட்டை விற்க ஒரு வாரம் விடுமுறை எடுத்துப் பிள்ளைகள் வருகின்றனர். நகைக்கு நிறை பார்க்கின்றனர். நிலத்துக்கு விலை பார்க்கின்றனர். ஓவியங்களை எங்கே வைப்பது என்று அறியாமல் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றைப் பழைய பொருள் வாங்குபவரிடம் தள்ளிவிடுகின்றனர். ஒரு மனிதரின் இருபதாண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் கலைந்து போகிறது.

அவர்கள் தள்ளுவது தாளையும் துணியையும் மட்டுமன்று. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாள் முழுவதும் உண்டு. அவர் மறைந்தபின் மேலும் 50 ஆண்டு நீடித்து, அவருடைய உரிமையாளர்களைச் சேர்கிறது. ஓவியத்தை விலைக்கு வாங்கியவர்க்கு அப்படம் சொந்தம். அதை அச்சிட்டு விற்கும் உரிமை, எழுத்தால் மாற்றித் தரப்படாதவரை, அவரைச் சேராது. அதே வேளையில், பிறர் கேட்டுக்கொண்டு ஊதியம் தந்து வரையச்செய்த படமாயின், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் உரிமை வரையச்செய்தவர்க்கே போகும். ஆகவே, கோயிலுக்கோ நிறுவனத்துக்கோ வரைந்து கொடுக்கும் முன் ஒரு தாளில் நிபந்தனை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதனை முதியவர்க்கு எடுத்துரைப்பதும் பிள்ளைகளின் கடமையே.

தியோ 1891-இல் மறைந்தபோது அவர் மனைவி யோகன்னா கைக்குழந்தையோடு விடப்பட்டார். விலைபோகாத நூற்றுக்கணக்கான படங்கள் அவரிடம் இருந்தன. அவர் அவற்றைக் காத்தார், கண்காட்சிகள் நடத்தினார், 1914-இல் கடிதங்களைப் பதிப்பித்தார். அக்குழந்தை வளர்ந்து பெரியவராகித் தொகுப்பைச் சிதறவிடாமல் காத்ததன் பயனே, 1973-இல் ஆம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட வான்கோ அருங்காட்சியகம். மாறாக, யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்குவின் படைப்புகளுள் பல போர்க்கால இடப்பெயர்வுகளில் அழிந்தன. ஈழத்தில் அழித்தது போர். கிள்ளான் பள்ளத்தாக்கில் போர் இல்லை, குண்டு விழவில்லை. இங்கே அழிப்பது பிள்ளைகளின் அலட்சியம். போரை மன்னிக்க இயலாதெனின், இதனை எவ்வாறு மன்னிப்பது?

சமுதாயமும் பள்ளியும்

பிள்ளைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையன்று. அவர்கள் கண்டு வளர்ந்த சமுதாயம் எத்தகையது? மகளின் நடன அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அச்சிட்டு, விருந்தளிக்கும் பெற்றோர் பலர். அது போற்றத்தக்கதே. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய நுண்கலைக் கோயில் பிரிக்பீல்ட்சில் இசையையும் நடனத்தையும் தலைமுறைகளாக வளர்த்து வருகிறது. ஆடலுக்கும் பாடலுக்கும் உள்ள அரங்கு ஓவியத்துக்கு ஏன் இல்லை? மகளின் அரங்கேற்றத்துக்குத் தந்தை செலவிட்டார். தந்தையின் முதற் கண்காட்சிக்கு அம்மகள் செலவிட்டதாக எங்கேனும் பேச்சுண்டா? சங்கங்களின் ஆண்டுவிழாக்களில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. மண்டபச் சுவரில் உள்ளூர் ஓவியர் ஒருவரின் படத்தை விலை கொடுத்து வாங்கி மாட்ட மட்டும் மனமில்லை.

அரசு அளவிலும் ஓர் இடைவெளி உண்டு. தேசியக் கலைக்கூடம் 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமானால் திறந்துவைக்கப்பட்டது. 1974 முதல் அது நடத்திவரும் சமகால இளங்கலைஞர் போட்டி பலரை உருவாக்கியுள்ளது. ஆனால், அது பெயருக்கேற்ப இளையோர்க்கு உரியது. அறுபதில் தொடங்குவோர்க்கு அத்தகைய வாயில் யாது? வயதில் முதிர்ந்து கலையில் இளையராய் இருப்போர்க்கும் ஒரு போட்டி வேண்டும் என்று தமிழ் அமைப்புகள் கேட்டால் அது மிகையாகாது. கேட்பதற்கு முன், தாமே தம் மண்டபத்தில் ஆண்டுக்கொரு கண்காட்சி நடத்திக் காட்டினால் அது மேலும் சிறக்கும்.

தமிழ்ப்பள்ளியின் பங்கு எல்லாவற்றினும் பெரிது. காட்சிக்கலைக் கல்வி பாட அட்டவணையில் இருக்கிறது. அந்நேரத்தில் கணிதப் பயிற்சி நடந்த வழக்கமும் இருந்தது. ஆறாம் ஆண்டுத் தேர்வைக் காரணம் காட்டினர். 2021-இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. இனியும் காரணம் உண்டா? படம் போடுகிற பிள்ளை படிக்காது என்னும் பழைய அச்சத்தைக் கற்பித்தது வீடு மட்டுமன்று, வகுப்பறையும்தான். அங்கே விதைத்ததே, பின்னர் மெல்பர்னில் அமர்ந்து தந்தையின் ஓவியத்தைப் பொழுதுபோக்கு என்னும் மனமாக விளைந்துள்ளது.

பள்ளி செய்யத்தக்கவை பல. ஆசிரியர்கள் மாணவரைத் தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்லலாம். அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்து, சென்னையில் ஓவியம் பயின்று, இராமாயணக் காட்சிகளைத் தீட்டிய சையத் தாஜுதீன். பினாங்கில் 1941-இல் பிறந்து, போரையும் சுற்றுச்சூழல் கேட்டையும் தம் படைப்புகளால் கண்டித்து, 2016-இல் மறைந்த நிர்மலா சண்முகலிங்கம். மலேசிய இந்தியரின் வாழ்வைக் கித்தானில் ஏற்றிய அனுரேந்திரா ஜெகதேவா ஆகியோரின் பெயர்களைத் திரைநடிகர்களின் பெயர்களைப் போலவே மாணவர் அறியச் செய்யலாம். ஓவியர் மணியமும் அவர் மகன் மணியம் செல்வனும் தமிழ் இதழ்களுக்கு ஆற்றிய தொண்டை எடுத்துரைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, தத்தம் வீட்டில் வரையும், செதுக்கும், கோலமிடும் முதியவர் எவரேனும் உளரா என்று மாணவரிடம் கேட்டு, அவர்தம் படைப்புகளைப் பள்ளி மண்டபத்தில் ஒருநாள் காட்சிக்கு வைக்கலாம். தாத்தாவின் படத்துக்கு அருகே நின்று, இது என் தாத்தா வரைந்தது என்று விளக்கும் சிறுவன், திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் நின்றவர்களின் வழித்தோன்றல் ஆவான். அவன் வளர்ந்து எந்நாட்டுக்குப் போனாலும், வரையும் தாயையும் தந்தையையும் பொழுதுபோக்குவோர் என்று சொல்லத் துணியான்.

பிள்ளைகளிடம் கேட்கப்படுவது பெரிய தியாகம் ஒன்றுமன்று. பெற்றோருக்காக வேலையை விட்டு ஊர் திரும்புமாறு எவரும் வற்புறுத்தவில்லை. வாரம் ஒருமுறை, மருந்தைப் பற்றிக் கேட்ட பின்னர், இப்போது என்ன வரைகிறீர்கள் என்றொரு வினா, அதற்கு வரும் விடையைப் பொறுமையோடு கேட்கும் ஒரு செவி, ஒரு பட்டியல், ஒரு விண்ணப்பம், உரிய விலை கொடுத்து வாங்கித் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டிய ஓர் ஓவியம். இவையும் இயலாது என்போர், தொலைவைக் குறை கூறாதிருப்பாராக. தொலைவு கடலில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

சுவர் ஒருநாள் விழத்தான் போகிறது. எந்த மருந்தும் அதை என்றென்றும் நிறுத்தாது. விழுமுன் அதன்மேல் எழுத வேண்டியதை எழுதவிடுவதும், எழுதியதைக் காப்பதும் பிள்ளைகள் கையில் உள்ளன. சுவரை மட்டும் காத்துச் சித்திரத்தைக் கைவிடும் அன்பு அரை அன்பே. தமிழ்ப் பிள்ளைகள் அதனை முழு அன்பாக்கட்டும். தமிழாசிரியர்கள் அதற்கு வழிகாட்டட்டும்.